தோட்டப்புற ஊருக்கு ஒரு வாரப் பத்திரிகை: சுங்கை சிப்புட் நண்பரின் கேள்விக்கு விரிவான பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். காலமான தாத்தாவின் தகரப் பெட்டியில் பழைய தமிழ் வாரப் பத்திரிகைத் தாள்கள் கிடைத்திருக்கின்றன. முதல் பக்கம் கிழிந்துபோனதால் பெயர் தெரியவில்லை. உள்ளே சுற்றுவட்டாரத் தோட்டங்களின் செய்தி நிறைய இருக்கிறதாம்: கோயில் திருவிழா, பள்ளி விளையாட்டுப் போட்டி, சங்கக் கூட்டம், மரண அறிவிப்பு. "எங்கள் ஊருக்கென்று தனியாக ஒரு பத்திரிகை இருந்ததா? யார் நடத்தினார்கள்? ஏன் நின்றுபோனது?" என்பது அவர் கேள்வி.

நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாள் பெரும்பாலும் கோலாலம்பூரிலோ, பினாங்கிலோ, சிங்கப்பூரிலோ அச்சானதாக இருக்கும். ஆனால் அதை உங்கள் ஊர்ப் பத்திரிகை என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதில் வந்த ஊர்ச் செய்திகளை எழுதியவர்கள் உங்கள் ஊர்க்காரர்கள். வாங்கியவர்களும், வாசித்துக் காட்டியவர்களும், அதில் பெயர் வந்ததற்காக மகிழ்ந்தவர்களும், சிக்கலில் மாட்டியவர்களும் உங்கள் ஊர்க்காரர்கள்தாம். மலேசியத் தோட்டப்புறத்து வாரப் பத்திரிகையின் வரலாற்றை முதலாளிகள், ஆசிரியர்களின் பட்டியலாக எழுதினால் பாதிதான் கிடைக்கும். மீதிப் பாதி, தோட்டத்திலிருந்து கடிதம் எழுதிப் போட்டவர்களின் வரலாறு. அந்த மீதியைத்தான் இங்கே கொஞ்சம் நீளமாகச் சொல்லப் போகிறேன்.

முதலில், சின்ன ஊரில் தமிழ் அச்சகமும் பத்திரிகையும் ஏன் வேர்விடவில்லை என்பதைப் பார்ப்போம். பேராக்கில் ஆங்கிலப் பத்திரிகை சீக்கிரமே வந்துவிட்டது. தைப்பிங்கில் 1894இல் பேராக் பயனீர், ஈப்போவில் 1904இல் டைம்ஸ் ஆஃப் மலாயா. ஈயச் சுரங்கக்காரர்களும் தோட்டத் துரைமார்களும் சந்தா கட்டினார்கள், கம்பெனிகள் விளம்பரம் கொடுத்தன, பத்திரிகை நின்றது. தமிழ்ப் பத்திரிகை துறைமுகப் பட்டணங்களில் பிறந்தது. பினாங்கில் 1883இல் குலாம் காதிறு நாவலர் வித்தியா விசாரிணியை நடத்தினார். சிங்கப்பூரில் 1887இல் மகுதூம் சாயபு சிங்கை நேசனைத் தொடங்கினார். அது வாரந்தோறும் வந்தது. அவற்றைத் தாங்கியவர்கள் வணிகர்கள். தோட்டத்துக்கு வந்த நம் முன்னோரோ ஒப்பந்தக் கூலிகளாகவும், கங்காணி என்ற மேற்பார்வையாளர் திரட்டிவந்த ஆட்களாகவும் வந்தவர்கள். ஒப்பந்த முறை 1910இல் ஒழிக்கப்பட்டது; கங்காணி வழியாக ஆள் சேர்ப்பது 1938இல் இந்திய அரசு தடை போடும்வரை நடந்தது. கையில் காசும் இல்லை, எழுத்தும் இல்லை. அவர்களை நம்பி எந்த அச்சகக்காரரும் சின்ன ஊரில் ஈய எழுத்துப் பெட்டிகளை இறக்கி வைத்திருக்க மாட்டார்.

தமிழுக்கு ஈய எழுத்து கோக்கும் வேலை லேசானதல்ல. ஆங்கிலத்துக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு அச்செழுத்துகள் வேண்டும். கு, சு, டு, து என்று உகர வரிசை ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்து, ஊகார வரிசைக்குத் தனி எழுத்து. அவற்றைக் கண்ணால் பார்க்காமலே கையால் எடுத்துக் கோக்கத் தெரிந்தவர்கள் பெரிய பட்டணங்களில்தான் கிடைத்தார்கள். ஆகவே சின்ன ஊர் அச்சகங்கள் கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீசு, ரசீதுப் புத்தகம் என்ற அளவோடு நின்றுகொண்டன. செய்தி மட்டும் ரயிலேறிக் கோலாலம்பூருக்குப் போய், அச்சாகித் திரும்பி வந்தது.

அது ஏன் வாரப் பத்திரிகையாக இருந்தது என்பதற்கு விடை தோட்டத்து வேலை நேரத்தில் இருக்கிறது. விடியும் முன்பே பெரட்டுக்கு, அதாவது வருகைக் கணக்கெடுப்புக்கு, நிற்க வேண்டும். குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக இறங்கும் என்பதால் இருட்டிலேயே நெற்றி விளக்கோடு மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் இறக்க, போவார்கள். பால் எடுத்து, சுமந்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, வரும்போது மதியம் தாண்டிவிடும். நாளேடு தோட்டத்துக்கு வந்து சேர்வதற்குள் பழையதாகிவிடும். ஒவ்வொரு நாளும் காசு கொடுத்து வாங்குவதும் முடியாது. வாரத்தாள் அப்படியில்லை. டவுனுக்குச் சாமான் வாங்கப் போகிறவர் மளிகைக் கடையில் ஒன்று வாங்கி வருவார். அது லயம் முழுக்க ஒரு வாரம் சுற்றும். மழை பெய்து மரம் நனைந்துவிட்டால் அன்று வெட்டு இல்லை. அந்த நாள்களில் முடிவெட்டும் கடையிலும் கோயில் திண்ணையிலும் ஒருவர் சத்தமாகப் படிக்க, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். விற்ற பிரதிகளை மட்டும் எண்ணி, தோட்டத்தில் பத்திரிகைக்கு வாசகர் குறைவு என்று எழுதுகிறவர்கள் இந்தக் காதுகளைக் கணக்கில் எடுப்பதில்லை. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் லயத்தில் எழுத்தே தெரியாத பாட்டி ஒருவர், முந்தின வாரத் தொடர்கதை எங்கே நின்றது என்று வாசிக்க வருகிறவருக்கே நினைவூட்டுவார்.

எழுத்தறிவு வளர்ந்ததும் தோட்டத்துக்குள்ளேதான். கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. பல தோட்டங்களில் அந்தப் பள்ளி ஓர் ஓலைக் கொட்டகை. வாத்தியார் வேலையை நாலு எழுத்துப் படித்த கங்காணியோ கிராணி என்ற தோட்டத்து எழுத்தரோ பார்த்தார். ஏட்டளவுச் சட்டமாகவே அது பல இடங்களில் கிடந்தது என்பது உண்மை. இருந்தாலும் அந்தக் கொட்டகைகளில் எழுத்துக் கூட்டக் கற்ற பிள்ளைகள்தாம் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பத்திரிகைக்கு வாசகர்களாக வந்து நின்றார்கள்.

சரியாக அந்தக் காலத்தில்தான் நம் பெரிய ஏடுகளும் பிறந்தன. கோலாலம்பூரில் 1924 செப்டம்பரில் நரசிம்ம ஐயங்கார் தமிழ் நேசனைத் தொடங்கினார். சிங்கப்பூரில் 1929இல் முன்னேற்றம் வந்தது. அந்த ஆண்டின் கடைசியில் பெரியார் மலாயாவுக்கு வந்து ஊர் ஊராகப் பேசினார். 1935 ஜூலையில் கோ. சாரங்கபாணி தமிழ் முரசைத் தொடங்கினார். விலை ஒரு காசு. இந்த மூன்றும் தொடக்கத்தில் வாரத்தாள்கள்தாம். நேசனும் முரசும் பின்னால் நாளேடுகளாக வளர்ந்தன. அவை வாரத்தாளாக இருந்தபோது தோட்டத்தோடு ஏற்படுத்திக்கொண்ட பழக்கமே பின்னாளில் அவற்றுக்கு அடித்தளமாயிற்று என்பது என் கணிப்பு. கள்ளுக்கடையை மூடு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு, சாதி பார்த்துப் பந்தி பிரிக்காதே என்று அவை எழுதியவை கங்காணியின் காதுக்கும் போயின. பல தோட்டங்களில் பத்திரிகையைக் கையில் வைத்திருப்பதே ஒரு அடையாளமாகப் பார்க்கப்பட்டது.

அந்த அடையாளத்துக்கு என்ன விலை என்பதைக் கிள்ளான் 1941இல் காட்டியது. தோட்டப்புறத்தையும் பத்திரிகையையும் ஒன்றாக வைத்துப் பேசும் எவரும் அந்த ஆண்டைத் தாண்டிப் போக முடியாது. ஆர். ஹெச். நாதன் தமிழ் நேசன் ஆசிரியர் குழுவில் வேலை பார்த்தவர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் முன்னணியில் நின்று தோட்டம் தோட்டமாகத் தொழிலாளர்களைத் திரட்டினார். அவர்கள் வைத்த கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வியும், நோய் வந்தால் ஒழுங்கான மருத்துவமும் வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பெண்களிடம் தவறாக நடப்பது நிற்க வேண்டும். உறவினரும் நண்பரும் தடையில்லாமல் தோட்டத்துக்குள் வந்து போக வேண்டும். பேசவும் கூடவும் உரிமை வேண்டும். துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிப் போக அனுமதி வேண்டும்.

அந்தக் கடைசிக் கோரிக்கையை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். கூலிக் கணக்கை எந்தத் தொழிற்சங்கமும் எழுதிவிடும். சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும்போது ஒரு மனிதனுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பது லயத்துக்குள் போய் உட்கார்ந்து கேட்டவருக்குத்தான் தெரியும். செய்தி சேகரிக்கப் பழகிய காது அது. மே மாதத் தொடக்கத்தில் நாதனைக் கைது செய்தார்கள். அதை எதிர்த்து வேலைநிறுத்தம் சிலாங்கூர் முழுக்கப் பரவி, ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வெட்டை நிறுத்தினார்கள். அவசரநிலை போடப்பட்டது, படை இறங்கியது, துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். கிள்ளானில் நடந்தது பேராக்கிலும் கெடாவிலும் தோட்டங்களுக்குத் தெரிந்தது என்றால், தாளும் வாய்மொழியுமாகத் தெரிந்ததுதான்.

போர்க்காலத்தை விட்டுவிடுகிறேன், அது தனிக் கதை. போர் முடிந்த மூன்றாவது ஆண்டில் உங்கள் ஊரே செய்தியாகிவிட்டது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் நாடு முழுக்க அவசரகாலம். அது 1960 வரை நீடித்தது. அச்சகச் சட்டமும் அந்த 1948இல்தான் வந்தது. அதன் பிறகு அச்சகத்துக்கும் பத்திரிகைக்கும் அரசாங்க உரிமம் கட்டாயம். தோட்டத்து லயங்களை முள்வேலிக்குள் ஒன்றுசேர்த்தார்கள். யார் எந்தத் தாளைப் படிக்கிறார் என்பதைக் காவல்துறையும் கவனித்தது. உங்கள் தாத்தாவின் தாள்களில் 1950களின் தொடக்கத்தைச் சேர்ந்தவை இருந்தால், அவற்றில் சங்கச் செய்தி குறைந்து கோயில் செய்தியும் பள்ளிச் செய்தியும் கூடியிருப்பதைப் பார்க்கலாம். ஊர் அமைதியாக இருந்ததாக அதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். எழுதலாம் என்று இருந்த இடத்தில் எழுதினார்கள். பள்ளிச் செய்தி என்றால் உங்கள் ஊரில் அது சாதாரணச் செய்தியும் இல்லை. அரசியல் தலைவர் வீ. தி. சம்பந்தன் முன்னின்று எழுப்பிய மகாத்மா காந்தி கலாசாலையை 1954இல் விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்து வைத்தார். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு டவுனில் அப்படியொரு கட்டடம் வந்தது அன்றைக்குப் பெரிய விஷயம்.

இனி, கடிதம் போட்டவர்களைப் பற்றிச் சொல்கிறேன். இவர்களுக்குச் சம்பளம் கிடையாது. பத்திரிகை அலுவலகம் அனுப்பும் ஒரு நிருபர் அட்டை, சில சமயம் ஓர் இலவசப் பிரதி, அவ்வளவுதான். பெரும்பாலும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர், ஆஸ்பத்திரி டிரெசர் (மருத்துவ உதவியாளர்), தொழிற்சங்கக் கிளைச் செயலாளர், டவுனில் முடிதிருத்தகமோ தையல் கடையோ வைத்திருந்தவர். ஆசிரியர்களுக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். கடைக்காரர்களிடம் எல்லாச் செய்தியும் தானாக வந்து சேரும். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுத வேண்டும், வரிக்கு வரி இடம் விட வேண்டும், பெயர்களைத் தெளிவாக எழுத வேண்டும் என்பது விதி. எழுதி உறையில் போட்டு பஸ்காரரிடம் கொடுப்பார்கள், அல்லது தபாலில் சேர்ப்பார்கள். அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ நாலு வரியாக வரும். சில நேரம் நாலு வரியில் மூன்று வரி பெயர்களாகவே இருக்கும். தலைமை தாங்கியவர், வரவேற்றவர், மாலை போட்டவர், நன்றி சொன்னவர், சமையலுக்கு உதவிய இளைஞர்கள் என்று.

படித்தவர்கள் இந்தப் பெயர்ப் பட்டியலைக் கேலி செய்வதுண்டு. நான் அந்தப் பட்டியலை மதிக்கிறேன். தோட்டத்துப் பெரட்டுப் புத்தகத்தில் அந்த ஆளுக்கு ஓர் எண்ணும் ஒரு நாள் கூலியும்தான். அரசாங்கப் பதிவில் பெயர் எழுத்துப் பிழையோடு இருக்கும். அந்தப் பிழையால் அடையாள அட்டைக்கு அலைந்த குடும்பங்கள் எத்தனையோ. பெயரும் தகப்பன் பெயரும் சரியாகத் தமிழில் அச்சான முதல் இடம் பலருக்கு இந்த வாரத்தாள்தான். அதனால்தான் உங்கள் தாத்தா அந்தப் பக்கங்களைப் பெட்டியில் வைத்திருக்கிறார். அந்தப் பக்கங்களை வரிவரியாகத் தேடிப் பாருங்கள். அவர் பெயரோ அவர் உடன்பிறந்தவர் பெயரோ எங்காவது இருக்கும் என்றே நினைக்கிறேன்.

எல்லாம் மாலையும் மரியாதையுமாக இருக்கவில்லை. குடிநீர்க் குழாய் உடைந்து கிடக்கிறது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைக் கூரை ஒழுகுகிறது, கழிப்பறை இல்லை என்று எழுதினால் அடுத்த நாள் பெரிய கிராணி கூப்பிட்டு விசாரிப்பார். தோட்டத்தில் வேலை போனால் வீடும் சேர்ந்து போகும், ஏனென்றால் லயத்து வீடு கம்பெனியுடையது. அதனால் புனைபெயர்கள் பெருகின. தோட்டத்தின் பெயரோடு 'நண்பன்', 'தோழன்', 'பித்தன்' என்று சேர்த்துக்கொள்வது வழக்கம். எழுதியவர் யார் என்று ஊருக்கே தெரியும். நிர்வாகத்திடம் ஊர் சொல்லாது. அந்த மௌனம் இல்லாவிட்டால் வாசகர் கடிதப் பகுதி என்ற ஒன்று தோட்டப்புறத்தில் இருந்திருக்கவே முடியாது.

கடிதம் எழுதப் பழகியவர்கள் கதைக்கும் கவிதைக்கும் போனார்கள். தமிழ் நேசன் 1950 வாக்கில் 'கதை வகுப்பு' என்ற பகுதியை நடத்தியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் பத்திரிகை வழியாகவே சிறுகதை எழுதக் கற்றுக்கொடுத்தார்கள்: பாடம் அச்சில் வரும், எழுதி அனுப்ப வேண்டும், குறைநிறை சொல்லித் தேர்ந்தெடுப்பார்கள். கல்லூரி வாசலைப் பார்க்காத தோட்டத்து இளைஞனுக்கு அது கல்லூரி. தமிழ் முரசின் மாணவர் மணிமன்றம் பள்ளிப் பிள்ளைகளை எழுத வைத்தது. அதிலிருந்து ஊர் ஊராக மணிமன்றங்கள் கிளைத்தன. மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் என்று நாம் இன்று போற்றுகிற பலருடைய முதல் படைப்பு இப்படித் தோட்டத்து முகவரியோடு அனுப்பப்பட்டதுதான். முரசு ஒரு படி மேலே போய், மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டியது. 1956இல் இந்திய இயல் துறை வந்தது. பால்மரம் வெட்டிய கைகள் கொடுத்த சில்லறையும் அந்த நிதியில் உண்டு.

1950களின் கடைசியில் தோட்டங்களைத் துண்டாடும் வேலை தொடங்கியது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் பெரிய தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் கூறுபோட்டு விற்றார்கள். தலைமுறையாக இருந்த லயத்திலிருந்து குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. இந்தக் காலத்து வாரத்தாள்களில் ஊர்ச் செய்தியின் தொனியே மாறுகிறது. எந்தத் தோட்டம் விலைபோகிறது, எத்தனை குடும்பம், நோட்டீசு எப்போது என்பதெல்லாம் வரத் தொடங்கின. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார்: மாதம் பத்து வெள்ளி போடுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்று. கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். அவர் உங்கள் ஊர்க்காரர் என்பதால் சுங்கை சிப்புட் செய்தி அப்போது எல்லா ஏடுகளிலும் நிறைய வந்திருக்கும்.

1954இல் ஐந்து சங்கங்கள் இணைந்து உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் சங்கமணி என்ற ஏட்டை நடத்தியது. கூலி ஒப்பந்தம், விலைப்படி, நீதிமன்ற வழக்கு என்று தொழிலாளர் தெரிந்துகொள்ள வேண்டியதை அது தமிழில் எழுதியது. உங்களிடம் இருக்கும் தாள்களில் சங்கச் செய்தி மிகுதியாக இருந்தால் அது சங்கமணியாகவும் இருக்கலாம். 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது பல்லாயிரம் பேர் கப்பலேறினார்கள். அந்த மாதங்களின் இதழ்கள் கிடைத்தால் தயவுசெய்து பத்திரமாக வையுங்கள். யார் போனார், யார் தங்கினார், குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர் எங்கே மனுச்செய்ய வேண்டும் என்ற விவரமெல்லாம் அவற்றில்தான் இருக்கும்.

எழுபதுகளின் பிற்பகுதியில் வாரப் பத்திரிகைக்கு இன்னொரு வாழ்வு வந்தது. 1977இல் ஆதி குமணனும் நண்பர்களும் வானம்பாடியைக் கொண்டுவந்தார்கள். அதுவரை பத்திரிகைத் தமிழ் கொஞ்சம் மேடைத் தமிழாக இருந்தது. வானம்பாடியில் இளைஞர் பேச்சும் புதுக்கவிதையும் துணிவும் இருந்தன. தோட்டத்து இளைஞர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். அதன் பிறகு எண்பதுகளில் வாரத்தாள்கள் பெருகின. கணினி வந்தது இன்னொரு உதவி. முத்து நெடுமாறனின் முரசு மென்பொருள் 1985இல் வந்த பிறகு ஈய எழுத்துப் பெட்டி இல்லாமலே தமிழ்ப் பக்கம் கட்ட முடிந்தது. முன்பு சின்ன ஊரைத் தடுத்த சுவர் அங்கே உடைந்தது.

அந்த வாரத்தாள்களைத் தூக்கி நிறுத்திய வருமானம் பெரிய கம்பெனி விளம்பரமல்ல. நினைவஞ்சலி, மஞ்சள் நீராட்டு விழா வாழ்த்து, திருமண வாழ்த்து, வெற்றி பெற்ற வேட்பாளருக்குப் பாராட்டு, தீபாவளி மலரில் கடைக்காரர் வாழ்த்து. 1988இல் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கான யூபிஎஸ்ஆர் தேர்வு வந்த பிறகு எல்லாப் பாடத்திலும் ஏ எடுத்த பிள்ளைகளின் படங்கள். ஊர் நிருபரே விளம்பரமும் சேகரிப்பார், பாக்கியும் வசூலிப்பார். பாக்கி வராவிட்டால் தன் கைக்காசைப் போட்டுக் கணக்கை நேர்செய்தவர்களை எனக்குத் தெரியும். பெயர் சொல்ல வேண்டாம். அவர்களுக்கு அது பிடிக்காது.

ஏன் நின்றது என்ற கேள்விக்கு வருகிறேன். சட்டத்தைக் காரணம் சொல்வார்கள். 1984ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டப்படி உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2012 திருத்தத்தில்தான் அந்த ஆண்டுப் புதுப்பிப்பு நீங்கியது. அடுத்த ஆண்டு உரிமம் கிடைக்குமா என்று தெரியாத தொழிலில் யார் துணிந்து முதல் போடுவார்? அது ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. நாளேடுகளின் ஞாயிறு பதிப்புகள் கதை, கவிதை, சினிமா, ஊர்ச் செய்தி எல்லாவற்றையும் தங்களுக்குள் எடுத்துக்கொண்டது இன்னொரு காரணம். என் பார்வையில் இரண்டுமே மேல்பூச்சு. அடியில் நடந்தது தோட்டம் காலியானது. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டாம். டவுனை ஒட்டிய தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. ஒரே லயத்தில் இருந்த முப்பது குடும்பம் முப்பது அடுக்குமாடிகளுக்குச் சிதறிய பிறகு, அந்தத் தோட்டத்துத் திருவிழாச் செய்தியை யாருக்காக எழுதுவது? 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530க்குச் சற்று முன்பின்னாக இருக்கின்றன. மூடிய ஒவ்வொரு தோட்டத்துப் பள்ளியோடும் ஒரு நிருபரும் அவருடைய வாசகர்களும் போனார்கள். கடைசியில் 1924இல் வாரத்தாளாகப் பிறந்த தமிழ் நேசனே 2019 ஜனவரி இறுதியோடு நின்றுவிட்டது.

உங்கள் தாள்களின் வயதைக் கண்டுபிடிக்கச் சில வழிகள் சொல்கிறேன். முதலில் எழுத்தைப் பாருங்கள். லை, னை, ணை போன்றவற்றில் முன்னால் தும்பிக்கைபோல வளைந்த பழைய வடிவம் இருந்தால் தாள் பழையது. தமிழ்நாட்டு அரசு 1978இல்தான் புதிய வடிவத்துக்கு ஆணையிட்டது. இங்கே அது அதற்குப் பிறகுதான் பழக்கத்துக்கு வந்தது. அடுத்து ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். போர்ட் சுவெட்டன்ஹம் என்று இருந்தால் 1972க்கு முந்தியது, ஏனென்றால் அந்த ஆண்டில் அது கிள்ளான் துறைமுகமானது. தெலுக் அன்சன் என்று இருந்தால் 1982க்கு முந்தியதாக இருக்கலாம். ஆனால் பெயர் மாறி வெகுநாள் கழித்தும் நம் ஆட்கள் அன்சன் என்றே எழுதினார்கள், அதனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். நாட்டின் பெயர் மலாயாவா மலேசியாவா என்பதும் 1963 செப்டம்பருக்கு முன்னா பின்னா என்று காட்டும்.

மிக முக்கியமானது கடைசிப் பக்கத்தின் அடிவரி. அச்சிட்டவர் பெயரும் முகவரியும் அங்கே பொடி எழுத்தில் இருக்கும். அதைப் போட வேண்டும் என்பது சட்டம். முதல் பக்கம் கிழிந்துபோன தாளுக்கு அதுதான் சாட்சி. அந்த முகவரி உங்களைப் பத்திரிகைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

பிறகு நூலகங்கள். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் இணையக் காப்பகத்தில் பழைய தமிழ் முரசு இதழ்களை வீட்டிலிருந்தே பார்க்கலாம். சுங்கை சிப்புட் செய்தி அதிலும் உண்டு. கோலாலம்பூரில் தேசிய நூலகத்திலும் மலாயாப் பல்கலைக்கழக நூலகத்திலும் நேரில் போய்க் கேளுங்கள். 1986ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு வந்த ஏடுகளை வெளியீட்டாளர்கள் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பதால் பிற்கால இதழ்களுக்கு வாய்ப்பு அதிகம். அதற்கு முந்தியவற்றில் இடைவெளி நிறைய. அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் பெரும்பாலும் தனிமனிதர்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியரான முரசு நெடுமாறன் பல ஆண்டுகளாகப் பழைய ஏடுகளைத் தேடிச் சேர்த்துத்தான் 1887 முதல் 1987 வரையிலான மலேசியத் தமிழ்க் கவிதைகளைக் களஞ்சியமாக 1997இல் வெளியிட முடிந்தது. கவிதைக்கு அவர் செய்ததை ஊர்ச் செய்திக்கு இன்னும் யாரும் செய்யவில்லை.

அதனால் உங்கள் பெட்டியில் இருப்பது லேசான பொருளல்ல. தாள்களைப் பிளாஸ்டிக்கில் ஒட்டி லேமினேட் செய்துவிடாதீர்கள். ஒட்டிவிட்டால் பிறகு எந்த நூலகத்தாராலும் அவற்றைச் சரிசெய்ய முடியாது. மடிப்பை வலிந்து பிரிக்க வேண்டாம். வெயில் நேராகப் படாத வெளிச்சத்தில் விரித்து, விளம்பரப் பக்கம் உட்பட இரண்டு புறமும் படமெடுங்கள். அஞ்சலிப் படங்களில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள் ஊரில் இன்னும் இருப்பார்கள். அவர்களிடம் படத்தைக் காட்டி, சொல்லும் பெயர்களையும் தோட்டங்களையும் தனித்தாளில் குறித்து வையுங்கள். அடிவரி தெரிகிற பக்கம் ஒன்று கிடைத்தால் அதை முதலில் அனுப்புங்கள். எந்த ஏடு, எந்த ஆண்டு என்பதை அதை வைத்துச் சேர்ந்தே தேடலாம்.